பாலத்தின் மறுபாதி

கார்நெக் குடில்
9 ஜூன் 1986

திரு. செவெரின் அவர்களுக்கு,

இது சங்கத்து வேலையாக எழுதும் கடிதம். வேறு எதையும் இதில் தேட வேண்டாம்.

மலையேற்றச் சங்கத்தின் செயலர் வின்ட்லர் நேற்று இங்கே வந்திருந்தார். பார்லி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். நம் இரண்டு குடில்களையும் இணைக்கும் மேல்பாதையில், பனிக்காலத்துக்கு முன் பிரித்துவைத்து ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி போடும் சாம்பல் ஓடைப் பாலம், போன கோடை முழுக்கப் போடப்படவில்லை. இந்த வருடமும் ஜூன் 29, பேதுரு பவுல் திருநாளுக்குள் பாலம் நிற்காவிட்டால் பாதையை வரைபடத்திலிருந்து எடுத்துவிடப் போகிறார்களாம். பாறைகளில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் குறிகளையும் சுரண்டிவிடுவார்களாம். பாதை இல்லாத இடத்தில் குடில் எதற்கு என்று கார்நெக்கையும் பூட்டிவிடும் யோசனை இருக்கிறது. இதை என் அடுப்புக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டே சொன்னார்.

உங்கள் ராபென்ஷ்டைன் குடிலுக்கு ஒரு கவலையும் இல்லை. சிகரம் ஏறுகிறவர்கள் உங்களிடம் வந்துதான் தீர வேண்டும். என்னிடம் வருகிறவர்கள் வேறு மாதிரி. காலையில் இங்கே காபி குடித்துவிட்டு, நூறு வருடத்துப் பழைய குடில்கள் இரண்டையும் ஒரே பகலில் பார்த்துவிட வேண்டும் என்று நடந்து, சாயங்காலம் உங்களிடம் சாப்பிடுகிறவர்கள். போன கோடையில் அவர்களும் வரவில்லை. என் முற்றத்தில் ஆடுகள்தான் நின்றன.

பாலத்தின் பாதிப் பலகைகள் என் கொட்டகையில் இருக்கின்றன. மறுபாதி உங்களிடம். அதை ரொட்டி வண்டிக்காரர் கெபார்டிடம் கொடுத்து அனுப்பவும். நான் கீழே இருந்து இரண்டு ஆட்களை வரவழைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

போன் செய்ய வேண்டாம். ரூப்பெர்டின் அடக்கத்துக்குப் பிறகு உங்களோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். எழுதுவதில்லை என்று முடிவு செய்யவில்லை. கூடப்பிறந்த அண்ணனின் அடக்கத்துக்கு வர நேரமில்லாமல் போனவருக்குப் பதில் எழுதவாவது நேரம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அஃப்ரா
கார்நெக் குடில் பொறுப்பாளர்


ராபென்ஷ்டைன் குடில்
12 ஜூன் 1986

அண்ணி,

உங்கள் கடிதம் சாமான் ஏற்றும் ரோப் கூடையில், ரொட்டிக்கும் வெங்காயத்துக்கும் நடுவே வந்து சேர்ந்தது. “திரு. செவெரின் அவர்களுக்கு” என்று மேலே இருந்ததும் வரி வசூலிக்கிறவர்தான் எழுதியிருக்கிறார் என்று பயந்துபோய் சாயங்காலம் வரை பிரிக்கவே இல்லை. மரங்கள் தீர்ந்துபோகும் உயரத்துக்கு மேலே வந்துவிட்டால் மந்திரியைக்கூட நீ என்று கூப்பிடுகிறவர்கள் நாம். நீங்கள் என்னைப் போய் நீங்கள் என்று எழுதுகிறீர்கள். (நான் உங்களை நீங்கள் என்பது அண்ணி என்பதற்காக. அது மலைக்கும் கட்டுப்படாத மரியாதை.)

இரண்டு வருடத்தில் உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

பலகைகளைக் கெபார்டிடம் அனுப்பலாம். அவன் வண்டியில் ரொட்டிக்கு இடம் இருக்காது, ஊர் முழுக்கப் பட்டினி கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாலத்தை ஒரு கரையிலிருந்து போட முடியாது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் உங்கள் கரையில் நிற்பார், நான் என் கரையில் நிற்பேன். அவர் கயிற்றை வீசுவார், நான் இழுப்பேன். இரண்டு பக்கத்து உத்தரமும் நடுவில் வந்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். எந்தப் பலகை எங்கே உட்காரும் என்பது அண்ணனுக்கும் எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். அதில் ஒருவர் இப்போது இல்லை. கூலிக்கு வரும் ஆட்கள் போட்டால் முதல் மழைக்கே பாலம் கீழே இறங்கிக் குளிக்கும்.

அதனால் நான் வருகிறேன். பேச மாட்டேன். நீங்கள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விடலாம்.

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பதில் எழுத விருப்பமில்லை என்றால் கெபார்டிடம் தலையை ஆட்டிக் காட்டுங்கள், அவன் வந்து சொல்லுவான்.

செவெரின்


கார்நெக்
15 ஜூன் 1986

செவெரின்,

சரி, நீ என்றே எழுதுகிறேன். திட்டுவதற்கு அதுதான் வசதி.

என் இடுப்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டிய நாளில் நீ வரவில்லை. அன்றைக்கு எப்படி இருந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

நம் ஊரில் அண்ணன் போனால் சவப்பெட்டியின் முன்பக்கத்து இடது தோள் தம்பியுடையது. உன் அப்பாவுக்கு உன் சித்தப்பா கொடுத்தார். கோயில் வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். பங்குச் சாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார். “இப்ப வந்துருவான், சாமி” என்று நான்தான் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்னால் தூக்க வேண்டிய கெபார்ட் ரொட்டி மாவு ஒட்டிய கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு வந்து, உன் இடத்தில் தோள் கொடுத்தான். பள்ளத்தாக்கில் அன்றைக்கு நல்ல வெயில். வழி தெரியவில்லை என்றுகூட நீ சொல்ல முடியாது.

மறுநாள் வந்தாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மாடு பார்க்கச் சந்தைக்கு வந்தவன் மாதிரி என் வாசலில் நின்றாய். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அதனால்தான் கதவைத் திறக்கவில்லை. அழுதுகொண்டு வந்திருந்தால் திறந்திருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

இந்தக் குடில் போனால் ரூப்பெர்ட் எனக்கு இரண்டாவது முறை செத்துப்போன மாதிரி. அவர் போட்ட கூரை, அவர் வைத்த அடுப்பு. அது உனக்கும் தெரியும், அதனால்தான் சிரித்துச் சிரித்து எழுதுகிறாய். ஆனால் அந்த ஓடையின் மறுகரையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பலகை போட முடியாது. பாலம் வேண்டாம். வின்ட்லர் பூட்டைக் கொண்டுவரட்டும்.

அஃப்ரா


ராபென்ஷ்டைன்
17 ஜூன் 1986

அண்ணி,

நீங்கள் எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பு இல்லை.

24ஆம் தேதி, அருளப்பர் திருநாள் அன்று காலையில் என் பாதிப் பலகைகளோடு ஓடையில் நிற்பேன். நீங்கள் வராவிட்டால் சாயங்காலம் மலைமுகட்டில் திருநாள் தீ மூட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவேன். சமையற்காரியிடம் அன்றைக்கு ஒரு வேளை சமாளிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் சமைப்பதைச் சாப்பிட்டுவிட்டு விருந்தாளிகள் என் அருமையை உணர்வார்கள்.

என் முகம்தான் தொல்லை என்றால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

செவெரின்


கார்நெக்
20 ஜூன் 1986

செவெரின்,

இதைப் படித்ததும் பதில் எழுது. சமையல் தீய்ந்தாலும் பரவாயில்லை.

நேற்று மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தில்மான், ஹெல்விக் என்று பெயர். பிரெகென்ஸ் ஏரிக்கரையில் இருக்கிறார்கள். அவர் படகுகளுக்குக் கயிறு முடைகிறவர், அந்த அம்மாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். மேல்பாதையில் உன் குடிலுக்குப் போக வேண்டும் என்றார்கள். பாலம் இல்லை, பள்ளத்தாக்கு இறங்கி மறுபடி ஏறித்தான் போக வேண்டும் என்றேன். அந்த அம்மாளுக்கு முழங்கால் வலி. முகம் சுருங்கிவிட்டது. ரொட்டி உருண்டை சூப் வைத்தேன். சாப்பிடாமல் என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்தப்போ இந்தக் கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு” என்றாள். “வீட்டுக்காரர் தவறிட்டார், குடில் மூடியிருக்கு, பின்னாடி குளிர்கால அறை மட்டும் திறந்திருக்கும்னு. அதை எழுதினது நீங்களா?”

நான்தான் என்றேன்.

“அந்த அறையிலதான் ராத்திரி படுத்தோம். விறகுகூட அடுக்கி வெச்சிருந்தீங்க. அந்த நிலைமையிலயும் யாரோ வருவாங்கன்னு நினைச்சிருக்கீங்களே. அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்.”

விறகு அடுக்கியது ரூப்பெர்ட், அவர் கடைசியாகக் கீழே இறங்கிப் போன அன்று காலையில். அதை நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் எழுந்து மேல்பாதையில் நடந்தார்களாம். மறுநாள் என்றால் என்ன நாள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நான் கோயில் வாசலில் நின்றேன்.

பாலத்தைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டதாம், கூடவே பனித்தூறல். “நீட்டின கை எனக்குத் தெரியல” என்றார் தில்மான். “பாதையை விட்டுட்டோம். காலுக்குக் கீழ கல்லு உருண்டு போற சத்தம் கேக்குது, விழுற சத்தம் கேக்கல. அந்த மாதிரி இடம். உக்காந்துட்டோம். இவ ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டா. அப்போதான் மணி கேட்டுச்சு.”

உன் குடிலின் மூடுபனி மணிதான். சத்தம் வரும் பக்கமாக நாலு அடி வைப்பார்களாம், நின்று கேட்பார்களாம், மறுபடி நாலு அடி. மணி ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

பிறகு ஹெல்விக் சொன்னாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “போய்ச் சேர்ந்தப்போ உங்க பக்கத்துக் குடில்காரர் நின்ன கோலத்தைப் பாக்கணுமே. கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. எல்லாம் நனைஞ்சு உடம்போட ஒட்டிக் கிடக்கு. இவர் கேட்டே கேட்டுட்டார், எங்களை வரவேற்கவா இந்த அலங்காரம்னு.”

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“டீ போட்டுக் கொடுத்தார். ரெண்டு கையும் தோல் உரிஞ்சு ரத்தம். அவரால தன்னோட டம்ளரைப் பிடிக்க முடியல, மணிக்கட்டால இடுக்கித் தூக்கினார். நேரம் என்னன்னு மட்டும் கேட்டார். நாலுன்னு சொன்னோம். சரின்னுட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார்.”

நான் உள்ளே போய் மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் சூப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பார்கள்.

உன் மணிக்கயிறு அன்றைக்கே நைந்துபோயிருந்ததாம். தில்மான் தன் கையால் முடைந்து புதுக்கயிறு கொண்டுவந்திருக்கிறார். முழங்கால் வலியோடு சுற்றிக்கொண்டு வர முடியாததால் உன்னிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேஜை மேல் இருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

மறுநாள் என் வாசலில் நீ கைகளைப் பைக்குள் வைத்திருந்தது எதற்காக? தொப்பியைக் கழற்றாதது எதற்காக? மீட்புக் குழுவைக் கூப்பிட்டுவிட்டு நீ இறங்கி வந்திருக்கலாமே? ஏன் இரண்டு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை? எழுது.

அஃப்ரா


ராபென்ஷ்டைன்
22 ஜூன் 1986

அண்ணி,

அவர்கள் நன்றாக இருக்கிறார்களா? அந்த அம்மாளுக்கு முழங்கால் வலியா? நான் அவர்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. உயிரோடு இருக்கிறார்கள், திரும்பவும் மலைக்கு வருகிறார்கள் என்று படித்ததும் எழுந்து வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அதற்கே உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அன்று விடியும்போதே கறுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு, அண்ணனுக்காகக் கட்டிய பைன் மாலையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினேன். திரும்பினால் முகடு தெரியவில்லை. பள்ளத்தாக்கில் வெயில் அடித்திருக்கும், இங்கே மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. முந்தின நாள் ஊர்க் கடையிலிருந்து யாரோ இரண்டு பேர் போன் செய்து, கார்நெக்கிலிருந்து நடந்து வருகிறோம், படுக்கை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சமையற்காரி வேலை முடிந்து ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டாள். இங்கே என்னைத் தவிர யாரும் இல்லை.

மீட்புக் குழுவைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். எண்ணைச் சுற்றும்போதுதான் யோசித்தேன், குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று. கெபார்ட், தச்சர் ஓஸ்வால்ட், கோயில் பணியாளரின் மகன்கள் இரண்டு பேர். அண்ணனைத் தூக்குகிறவர்களே அவர்கள்தான், அண்ணி. நான் கூப்பிட்டால் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு ஓடி வருவார்கள். வந்துதான் ஆக வேண்டும், அது அவர்கள் கொடுத்த சத்தியம். நீங்கள் தனியாக அந்தப் பெட்டியோடு நிற்பீர்கள். போனை வைத்துவிட்டு மணியடிக்கப் போனேன். ஒரு தோள் குறைந்தால் யாராவது கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கெபார்ட் கொடுத்தான். அவனுக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. தினமும் அவனிடம் ரொட்டி வாங்குகிறேன்.

மறுநாள் கைகளில் கட்டு. உங்கள் வாசலில் அதைக் காட்டிக்கொண்டு நின்றால் பரிதாபம் தேடி வந்த மாதிரி இருக்கும் என்று பைக்குள் வைத்தேன். கையை வெளியே எடுக்காமல் தொப்பியை எப்படிக் கழற்றுவது? நீங்கள் ஜன்னலில் நின்றதை நானும் பார்த்தேன்.

சொல்லாததற்குக் காரணம், சொன்னால் அது சாக்காகிவிடும். அதோடு, அந்த இரண்டு பேரை நீங்கள் வாழ்நாள் முழுக்க மன்னிக்காமல் போனால் என்ன செய்வது? அவர்கள் செய்த தப்பு என்ன, ஒரு நாள் மலையில் நடந்தார்கள், அவ்வளவுதானே. அண்ணனாக இருந்தாலும் மணியடித்திருப்பார். அவருடைய அடக்கத்தையே விட்டுவிட்டு அடித்திருப்பார், அப்படிப்பட்ட ஆள் அவர்.

நாளை மறுநாள் ஓடையில் இருப்பேன்.

செவெரின்


கார்நெக்
3 ஜூலை 1986

செவெரின்,

இந்தக் கடிதத்தை ரொட்டி வண்டியில் அனுப்பவில்லை. பாலம் போட்ட பிறகு மேல்பாதையில் நடந்து வருகிற முதல் விருந்தாளிகளிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாலு பேர், இன்ஸ்ப்ரூக்கில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களாம். தபால்காரர்களிடமே கடிதத்தைக் கொடுத்து நடக்கவிட்டதில் எனக்கு ஒரு திருப்தி. நெட்டையாக இருப்பவருக்குப் புது பூட்ஸ், குதிகால் உரிந்துதான் வருவார். களிம்பு தயாராக வை.

ஓடையில் அன்றைக்கு நீ நிஜமாகவே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். எதிர்க்கரையில் ஆள் உயரப் பலகைகளுக்கு நடுவே ஒரு முதுகு. நான் கயிற்றை வீசினேன், அது உன் முதுகில் பட்டது. அப்போதுதான் திரும்பினாய். நான் சிரித்துவிட்டேன், நீ பார்த்தாயா தெரியவில்லை, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன். பலகைகள் எல்லாம் முன்பு போலவே உட்கார்ந்தன. வின்ட்லர் பேதுரு பவுல் திருநாளன்று வந்து பாலத்தின் நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். கார்நெக் இருக்கும் என்று சொல்லிவிட்டு இந்த முறை மூன்று கிண்ணம் சூப் குடித்தார்.

வேலை முடிந்ததும் உன்னிடம் மணிக்கயிற்றைக் கொடுத்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். உன் உள்ளங்கையில் அந்தத் தழும்பைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. நீயும் ஒன்றும் பேசவில்லை, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாய். நான்தான் பேசியிருக்க வேண்டும். வழி முழுக்க என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. ரூப்பெர்டுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. எழுதிப் பார்த்தேன், காகிதத்தில் அந்த வார்த்தை உப்பில்லாத சூப் மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது வழி கண்டுபிடிக்கிறேன். அவசரப்படுத்தாதே.

ஆப்ரிகாட் கேக் ஒன்று தபால்காரர்களிடம் இருக்கிறது. வந்து சேர்ந்தால் உன் அதிர்ஷ்டம்.

அஃப்ரா


ராபென்ஷ்டைன்
25 செப்டம்பர் 1986

அண்ணி,

கேக் வந்து சேரவில்லை என்று ஜூலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். இப்போது புகார் சொல்ல அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

நேற்று ரூப்பெர்ட் என்ற புனிதரின் திருநாள், அண்ணன் பெயர் கொண்ட நாள். எனக்கும் நினைவிருந்தது, மத்தியானம் அவருக்காக ஒரு வாய் ஷ்னாப்ஸ் சாராயம் ஊற்றி வைத்திருந்தேன். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அந்த வெயிலில் கார்நெக்கின் மூடுபனி மணி அடிக்கிறது.

மலையில் மணி எதற்கு அடிக்கும் என்று இங்கே ஆட்டுக்கும் தெரியும். ஆபத்து, இல்லாவிட்டால் மூடுபனி. மூடுபனி இல்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. மணி நிற்கவும் இல்லை. உங்கள் இடுப்பு, அந்த அடுப்பு, அந்தக் கூரை என்று என்னென்னவோ கண்ணுக்கு முன்னால் வந்தது. கெபார்டுக்குப் போன் செய்து குழுவோடு ஏறச் சொல்லிவிட்டு ஓடினேன்.

பாலத்தில் ஏறிய பிறகுதான் பார்த்தேன், காலில் கம்பளிச் செருப்பு. விருந்தாளிகளுக்கு பூட்ஸைக் கழற்றச் சொல்லி உள்ளே போடக் கொடுப்போமே, அந்தச் செருப்பு. வழியில் ஒரு கூட்டம், மணியைக் கேட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பாறையில் உட்கார்ந்திருந்தது. என் காலைப் பார்த்துவிட்டு அவர்களுக்கு இன்னும் பயம் அதிகமாகிவிட்டது. அவர்களையும் கூட்டிக்கொண்டு உங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தால், நீங்கள் முழு உடம்போடு, புது ஏப்ரன் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு “என்ன ஆச்சு?” என்றேன்.

“ஒண்ணும் ஆகல” என்றீர்கள்.

“பின்ன எதுக்கு மணி?”

“உனக்குத்தான்.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என்னோடு பேசிய முதல் வார்த்தைகள் இவை. பிறகு சொன்னீர்கள், அந்த நாலு வாக்கியத்தை இங்கே எழுதிப் பழசாக்க மாட்டேன். எழுதினால் உப்பு போய்விடும் என்று நீங்களே சொன்னீர்கள். நான் சொல்ல நினைத்தது இதுதான்: நீங்கள் நன்றி சொல்லியிருக்கவே வேண்டாம், ஆனால் சொன்னதால் எனக்குள் எங்கேயோ இரண்டு வருடமாக அடித்துக்கொண்டிருந்த ஒன்று அடங்கியது. அன்றைக்கு மணியை நிறுத்தியபோதுகூட அது நிற்கவில்லை. நன்றி, அண்ணி. எனக்கும் பழக்கம் இல்லைதான்.

கெபார்டும் குழுவும் தூக்குக் கட்டிலோடு முற்றத்துக்குள் நுழைந்தபோது நீங்கள் அவர்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. கெபார்ட் தூக்குக் கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு என் செருப்பையே பார்த்தான். “ஒருத்தரு கறுப்பு சூட்டுல மணியடிக்கிறாரு, ஒருத்தரு வெயில்ல மணியடிக்கிறாங்க. உங்க குடும்பத்துல யாராவது ஒருத்தர் ஒழுங்கா இருந்திருந்தா அது ரூப்பெர்ட்தான்” என்றான். சூட்டு விஷயம் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. ரொட்டி வண்டிக்குத் தெரியாத விஷயம் ஏது? உங்கள் மேஜையில் வைத்தே அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் காது சிவந்துபோய், சூப் சூடு என்றான்.

இனிமேல் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போன் செய்யுங்கள். கம்பளிச் செருப்பு இரண்டும் அடி தேய்ந்துபோய்விட்டன.

செவெரின்


கார்நெக்
29 செப்டம்பர் 1986

செவெரின்,

வின்ட்லர் எழுதியிருக்கிறார், தெளிந்த வானத்தில் மணியடிப்பது சங்க விதிகளுக்கு எதிரானதாம். விளக்கம் கேட்கிறார். பெயர்த் திருநாள் என்று எழுதிவிட்டேன். அடுத்த முறை சூப்பில் அவருக்கு உருண்டை குறையும்.

கெபார்டிடம் சூட்டைப் பற்றிச் சொன்னது நான்தான். ஜூன் மாதமே சொன்னேன். ஊரில் உன்னைத் தப்பாக நினைத்தவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிய வேண்டும் என்று அவனிடம் சொன்னேன். போஸ்டர் ஒட்டுவதைவிட அதுதான் மலிவு. தப்பாக நினைக்க வைத்ததில் பாதி நான்தானே.

நீ போன பிறகு முற்றத்தைப் பெருக்கும்போது உன் செருப்பின் கம்பளித் துண்டு ஒன்று கிடைத்தது. எறியவில்லை.

இப்போது கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமை நாலாம் தேதி, ரூப்பெர்டை அடக்கம் செய்து இரண்டு வருடம். நான் காலையிலேயே இறங்குகிறேன். பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன், பூசை பத்து மணிக்கு. அது முடிந்து கல்லறைக்குச் சிலுவையோடு நடந்து போவோம். புதுச் சிலுவை, ஓஸ்வால்ட் செய்தது, கனமானது. முன்பக்கத்து இடது தோளை யாருக்கும் கொடுக்கவில்லை. கெபார்ட் தன் இடத்தில் பின்னால் நிற்பானாம், அவனே சொன்னான்.

அந்தக் கறுப்பு சூட்டு இன்னும் இருந்தால் போட்டுக்கொண்டு வா.

பாலத்தைத் திரும்பி வரும்போது பிரிக்கலாம். அடுத்த ஜூனில் மறுபடி போடுவோம்.

அஃப்ரா


ராபென்ஷ்டைன்
1 அக்டோபர் 1986

அண்ணி,

சூட்டு இருக்கிறது. இரண்டு வருடமாக மணிக்குப் பக்கத்தில் ஆணியில்தான் தொங்குகிறது. துவைக்கவும் இல்லை, ஊருக்குக் கொண்டுபோகவும் இல்லை. போட்டுக்கொண்டு கிளம்பினேன், இன்னும் போய்ச் சேரவில்லை, அதனால் மடித்து வைக்க மனசு வரவில்லை. இன்று எடுத்து உதறினேன். பழைய கயிற்றின் நார் கைப்பக்கம் எல்லாம் ஒட்டியிருக்கிறது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. அப்படியே வருகிறேன். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பைன் மாலை புதிதாகக் கட்டிவிட்டேன்.

மூன்று பேர் படுக்கை கேட்டுப் போன் செய்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலையில் அவர்கள் உங்கள் பக்கமிருந்து மேல்பாதையில் நடந்து வரப் போகிறவர்கள். வானம் தெளிவாக இருந்தால் விடியும்போதே பாலத்தைத் தாண்டிவிடுவேன். மூடுபனி இறங்கினால் அவர்கள் பத்திரமாக வந்து சேரும் வரை நான் இங்கேதான் நிற்க வேண்டும், உங்களுக்குத் தெரியும். பூசை முடிந்துவிடும். சிலுவை வாசலில் இருக்கும். சாமியார் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இந்த முறை அவரிடம் என்ன சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பயமில்லாமல் மணியடிப்பேன்.

செவெரின்